குலுக்காத டயர்

பாண்டிதுரையின் ரதத்தில் போனவர்கள் யாரும் இதுவரை ஒரு குறை சொன்னதில்லை. சொல்லும் நிலையில் அவர்கள் இல்லை என்பது வேறு விஷயம்.

பட்டாளத்தில் பதினேழு வருஷம் லாரி ஓட்டிவிட்டு ஊர் திரும்பிய மனிதர். வந்த பணத்தில் ஒரு பிக்கப் வாங்கினார். அதன் பின்னால் கொக்கி போட்டு இழுத்துவர, கண்ணாடி வைத்த ரதம் ஒன்றைச் செய்துகொண்டார். இறந்தவரை ரதத்தில் கிடத்துவார்கள். சொந்தக்காரர்கள் பிக்கப்பின் தொட்டியில் நின்றபடி வருவார்கள். கொக்கியை மாட்டி வண்டியைக் கிளப்பினால் ரதத்தில் கலர் லைட் எரியும், சங்கு தானாக ஊதும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வத்திராயிருப்பு வரைக்கும், மலையடிவாரத்துக் கிராமங்கள் வரைக்கும், நாலு வருஷத்தில் நானூறு பேருக்குக் குறையாமல் கொண்டுபோய்ச் சேர்த்திருக்கிறார்.

அந்த வண்டியில் இதுவரை ஏறாத ஒரே ஆள் அவர் மனைவி வெங்கடேஸ்வரிதான். உயிரோடு இருப்பவர்களைச் சொல்கிறேன்.

"அது தூக்கித் தூக்கிப் போடும். என் இடுப்புக்கு ஆகாது" என்று வண்டி வந்த முதல் வாரமே சொல்லிவிட்டாள். பொய்யில்லை. அவளுக்கு முதுகுத்தண்டில் டிஸ்க் விலகியிருந்தது. ஆனால் ராஜபாளையத்து ஆஸ்பத்திரிக்கு அவள் டவுன் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு போவாள். சும்மா நிற்கும் பிக்கப்பைத் தாண்டி அவள் பஸ் ஸ்டாப்புக்கு நடந்துபோவதை அவர்கள் குடியிருந்த மடவார் வளாகம் தெருவே பார்த்தது. பாண்டிதுரைக்கு அது அவமானமாக இருந்தது என்று சொன்னால் பாதிதான் சொன்னதாகும். மீதிப் பாதி பயம். கல்யாணமாகி இருபத்தாறு வருஷம், பிள்ளை இல்லை. வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அதில் ஒருத்தி இன்னொருத்தர் வண்டியில் ஏறமாட்டேன் என்றால், பிடிக்காமல் போனது வண்டியா ஆளா என்று எப்படித் தெரிந்துகொள்வது? வாய்விட்டுக் கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

இந்த நிலையில்தான் டாக்டர் புதிதாக ஒன்று சொன்னார். திங்கட்கிழமை தொடங்கி பத்து நாள் தினமும் ராஜபாளையம் வந்து இடுப்புக்கு இழுவை சிகிச்சை எடுக்க வேண்டும். பஸ்ஸில் நின்றுகொண்டு வரக்கூடாது, ஆட்டோவே கூடாது.

பாண்டிதுரை பட்டாளத்துக்காரர். புகார் வந்தால் காரணத்தைக் கண்டுபிடித்து, பழுதான பாகத்தைக் கழற்றி மாற்ற வேண்டும். வண்டி தூக்கிப் போடுகிறது என்பது புகார். அப்படியானால் மாற்ற வேண்டியது டயர். சனிக்கிழமை காலையில் ரதத்தையும் இழுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்குக் கிளம்பிவிட்டார்.

டயர்க்கடை கிறிஸ்துராஜுக்குப் பிறந்ததிலிருந்தே துக்கம் விசாரிக்க வந்தவர் முகம். எதிரே யார் வந்தாலும் அவர்களுக்காக வருத்தப்படுவதுபோலவே பார்ப்பார். வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, குனிந்து டயரைத் தடவினார்.

"மாசம் எம்புட்டு கிலோமீட்டர் ஓடும்?"

"அது நம்ம கையில இல்ல அண்ணாச்சி."

"லோடு?"

"ரதத்துல ஒரு ஆளு. பிக்கப்ல பன்னெண்டு பேரு. ரதத்துல இருக்கவரு சும்மா இருப்பாரு. மத்தவுக ஆடுவாக."

"ரோடு எப்படி?"

"பாதி தாரு. மீதி கல்லு, சகதி, கருவேலங்காடு. சுடுகாட்டுக்கு எவன் ரோடு போடுதான்?"

"சரி. இந்த டயர யாரு சொல்லிப் போட்டீக?"

"நானேதான். பட்டாளத்துல இதான் போடுவோம்."

கிறிஸ்துராஜ் இன்னும் கொஞ்சம் வருத்தப்பட்டார். அது சகதிக்கென்றே செய்த டயர். அதன் ரப்பர்க் கட்டை ஒவ்வொன்றும் செங்கல் கனத்தில் இருந்தது. தார் ரோட்டில் அது ஓடாது, தட்டிக்கொண்டே போகும். போதாததற்குப் பாண்டிதுரை அதில் காற்றைக் கல்மாதிரி அடித்து வைத்திருந்தார்.

"வெறும் ஹைவே டயரு போட்டா மெத்துனு போகும். ஆனா ஒங்க சுடுகாட்டுச் சகதியில சிக்கிக்கிரும். பொறவு எறந்தவர வச்சிக்கிட்டு நீங்க டிராக்டர் தேடணும். எந்த ரோட்டுக்கும் ஆகுற ஆல் டெரைன் டயருதான் ஒங்களுக்கு. அதுலயும் ஒரு சங்கடம் இருக்கு. இழுவை வண்டிக்கு டயரோட பக்கச்சுவரு கெட்டியா இருக்கணும். கெட்டியா இருந்தா குலுக்கும். எளக்கமா இருந்தா குலுக்காது, ஆனா பின்னாடி ரதம் வாலாட்டும்."

"குலுக்கவும் கூடாது, வாலும் ஆட்டக் கூடாது."

"யாருக்கு அண்ணாச்சி குலுக்கக் கூடாது? ரதத்துல இருக்கவருக்கா?"

பாண்டிதுரை சுவரில் தொங்கிய ஜாக்கியைப் பார்த்தார். "வீட்டுல" என்றார்.

கிறிஸ்துராஜ் கையில் எடுத்திருந்த டயரைக் கீழே வைத்துவிட்டு, உள்ளே போய் வேறொன்றை உருட்டிக்கொண்டு வந்தார். கட்டைகள் சின்னதாக, நெருக்கமாக இருந்தன. ஒவ்வொரு கட்டையிலும் மெல்லிய கீறல்கள். பாரம் தாங்கும் நம்பரைத் தொட்டுக் காட்டினார். தேவைக்கு மேலே ஒரே ஒரு படிதான்; அதற்கு மேல் போனால் விறைத்துக்கொள்ளும் என்றார். நாலையும் மாட்டி, காற்றையும் அளவாக வைத்துவிட்டார்.

"ஹைவேயில எந்த டயரும் யோக்கியம்தான். கல்லு ரோட்டுல விட்டுப் பாக்கணும். நான் ஓட்டுதேன், நீங்க ரதத்துல ஒக்காந்து பாருங்க. முன்னாடி டயரு சரியில்லன்னா பின்னாடிதான் மொதல்ல தெரியும்."

ரதத்தில் உட்கார இடமில்லை. படுக்கத்தான் இடம் உண்டு. கிறிஸ்துராஜையும் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் எல்லைவரை தானே ஓட்டி வந்த பாண்டிதுரை, அங்கே இறங்கி சாவியை அவரிடம் கொடுத்தார். போனை டேஷ்போர்டில் வைத்தார். செருப்பைக் கழற்றிவிட்டு ரதத்தில் ஏறி, கையை நெஞ்சில் வைத்து, நேராகப் படுத்துக்கொண்டார். டவுனைத் தாண்டி மலையடிவாரத்துச் செண்பகத்தோப்பு வரை போய்த் திரும்புவதாகப் பேச்சு.

வண்டி கிளம்பியதும் சங்கு ஊதியது. அதை நிறுத்தும் சுவிட்ச் எங்கே இருக்கிறதென்று கிறிஸ்துராஜிடம் யாரும் சொல்லவில்லை.

டவுனுக்குள் நுழைந்ததும் டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். ஒரு பெரியவர் செருப்பை உதறிவிட்டுக் கும்பிட்டார். பாண்டிதுரைக்கு இதெல்லாம் அரைக்கண்ணில் தெரிந்தது. எழுந்து உட்கார்ந்து விளக்கம் சொல்லலாமா என்று யோசித்தார். பிணத்தைப் பார்ப்பவர்கள் வருத்தப்படுவார்கள், அவ்வளவுதான். பிணம் எழுந்து உட்கார்வதைப் பார்ப்பவர்கள் பஸ்ஸுக்கு அடியில் விழுவார்கள். பொதுநலம் கருதி அவர் கண்ணை நன்றாக மூடிக்கொண்டார். வெங்கடேஸ்வரிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாரிசெல்வி, காய்கறிப் பையோடு அந்த ஓரத்தில்தான் நின்றிருந்தாள். அவர் கண்ணை மூடிய பிறகு அவளைப் பார்த்திருக்க வழியில்லை. அவள் பார்த்துவிட்டாள்.

செண்பகத்தோப்பு செக்போஸ்ட்டில் வனக்காவலர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். அதைத் தாண்டிக் கல் ரோடு. பாண்டிதுரை குலுக்கலை எண்ணினார். மொத்தம் மூன்று, அதில் ஒன்று கிறிஸ்துராஜ் போட்ட பிரேக். திரும்பும்போது இறக்கத்தில் ரதம் பிக்கப்பை முட்டுகிறதா என்று பார்க்க, மறுபடியும் படுத்தே வந்தார். முட்டவில்லை. வாலும் ஆட்டவில்லை. வெங்கடேஸ்வரி இனி ஒரு சாக்கும் சொல்ல முடியாது. அவருக்கு ஏற்பட்ட சந்தோஷத்தில், படுத்திருப்பது எங்கே என்பதே மறந்துவிட்டது. பட்டாளத்திலிருந்து லீவில் வரும்போது ரயில் படுக்கையில் இருந்த சந்தோஷம் அது.

நேராக வீட்டுக்கு விடச் சொல்லியிருந்தார், டயரைக் காட்ட.

தெருவில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டாகிவிட்டது. பந்தலுக்கு இரண்டு குழி தோண்டியிருந்தார்கள். சங்கு சத்தம் தெருவுக்குள் திரும்பியதும் பெண்கள் மார்பில் அடித்துக்கொண்டு எழுந்தார்கள். போக வழியில்லாமல் கிறிஸ்துராஜ் வண்டியை நிறுத்தி இறங்கினார். பாண்டிதுரையின் அண்ணன் ரத்தினம் ஓடிவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ரொம்பக் கஷ்டப்பட்டானா?"

"ஒரு கஷ்டமும் இல்ல அண்ணாச்சி" என்றார் கிறிஸ்துராஜ், தனக்கே உரிய முகத்தோடு. "கடைசி வரைக்கும் ஒரு சத்தம் கெடையாது."

அழுகை உச்சத்துக்குப் போனது. அப்போதுதான் பாண்டிதுரை எழுந்து உட்கார்ந்தார். மேலே இருந்த கலர் பல்பு நெற்றியில் இடித்தது.

அழுகை நின்ற வேகத்தில் எதிர்வீட்டு டிவி கேட்டது. மாரிசெல்வி மயங்கி விழப் பார்த்தாள். பக்கத்தில் நாற்காலி இருந்ததால் உட்கார்ந்துவிட்டாள். இறங்கி வந்த பாண்டிதுரை, டயர் மாற்றிய விஷயத்தை முதலிலிருந்து சொன்னார். கிறிஸ்துராஜ், போன் பத்துத் தடவை அடித்ததாகவும், அடுத்தவர் போனை எடுக்கும் பழக்கம் தனக்கு இல்லை என்றும் சொன்னார். வத்திராயிருப்பிலிருந்து வேனில் வந்தவர்களுக்கு மனத்தாங்கல்தான். வந்ததற்கு என்ன செய்வதென்று தெரியாமல் டயரைப் பார்த்தார்கள்.

ரத்தினத்துக்குத்தான் ஆறவில்லை. "ஏலே, எம் மகன் பிரேம்குமாரு சிவகாசியில லீவு போட்டுட்டுக் கெளம்பிட்டான். அண்ணன் மகன் அவன்தான ஒனக்குக் கொள்ளி வைக்கணும்? முன்சீட்டுல கொள்ளிச்சட்டியோட அவன்தான் ஒக்காருவான்னு நான் சொல்லுதேன், ஒம் பொண்டாட்டி என்ன சொன்னான்னு கேளு. எவனும் ஒக்கார வேண்டாம், நானே ஒக்காருதேன், நானே சுடுகாட்டுக்கு வாரேங்கா. இம்புட்டு ஆம்பளைக நிக்கும்போது. தெருவே வாயப் பொளந்துருச்சி."

பாண்டிதுரைக்கு நெற்றி வலி மறந்துபோனது. அந்தத் தெருவில் பெண்கள் சுடுகாட்டுக்குப் போகும் வழக்கமில்லை. பிக்கப்பில் டிரைவருக்குப் பக்கத்து சீட், கொள்ளி வைக்கிறவருக்கு. மூத்த மகன் சட்டியை மடியில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து வருவான். நானூறு மகன்கள் அவர் பக்கத்தில் அப்படி உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். அது ஒரு சீட் என்பதற்கு மேல் அவர் யோசித்ததே இல்லை.

வெங்கடேஸ்வரி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. பாண்டிதுரை பக்கத்தில் போய் நின்றார்.

"இடுப்புக்கு ஆகாதுன்னுதான சொன்ன" என்றார்.

"இடுப்பு வலிக்கத்தான் செய்யுது." அவள் தாழ்ந்த குரலில் பேசினாள். "வண்டி வந்த அன்னைக்கு, ஒரு பெரியவருக்குப் போயிட்டு வந்தீக. அவரு மகன் அந்த சீட்டுல ஒக்காந்து அழுதுட்டே போனான். நமக்கு ஒண்ணுன்னா அங்க ஒக்கார யாரு இருக்கான்னு நெனச்சேன். பொறவு அந்தக் கதவத் தொறக்கவே கை வரல. அத ஒங்ககிட்ட சொன்னா ஒங்களுக்கு வலிக்கும். அதான் இடுப்பச் சொன்னேன்."

நாலு வருஷம் இதைத் தனியாக வைத்துக்கொண்டு பஸ்ஸில் நின்று போயிருக்கிறாள். அவரோ பக்கச்சுவர் கெட்டியா இளக்கமா என்று பார்த்துக்கொண்டிருந்தார். தன்னைப் போல ஒரு முட்டாள் பட்டாளத்தில்கூட இருந்ததில்லை என்று பாண்டிதுரைக்குத் தோன்றியது.

"வேற வண்டி பாப்போம். இத வித்துருதேன்" என்றார்.

அவள் இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நடந்து பிக்கப்பிடம் போனாள். முன்கதவைத் திறந்தாள். ஏற ரொம்ப நேரமானது. யாரும் உதவிக்குப் போகவில்லை. போகலாமா என்று யாருக்கும் தெரியவில்லை. ஏறி உட்கார்ந்து, சேலையை மடியில் சரி செய்துகொண்டாள்.

"யக்கா, எங்க போற?" என்றாள் மாரிசெல்வி.

"இம்புட்டு பேரு முன்னாடி ஒக்காருவேன்னு சொல்லிட்டேன். இப்ப ஒக்காரலன்னா நல்லாருக்காது."

பாண்டிதுரை பின்னால் போய்க் குனிந்து ரதத்தின் கொக்கியைக் கழற்றப் போனார்.

"அது கெடக்கட்டும், வாங்க" என்று முன்னாலிருந்து அவள் குரல் வந்தது.

அவர் வந்து ஏறினார். சாவியைத் திருப்பியதும் சங்கு ஊதியது. சுவிட்சைத் தேடி நிறுத்தினார். நாற்காலிகளை நகர்த்தி வழி விட்டார்கள். வைத்தியநாத சாமி கோயிலைத் தாண்டி மெயின் ரோட்டுக்கு வந்தார்கள். ஒரு வேகத்தடை வந்தது. பாண்டிதுரை முட்டைக்கூடை ஏற்றி வந்தவர்போல அதில் ஏறி இறங்கினார்.

"குலுக்குதா?"

"குலுக்கினா குலுக்கட்டும்" என்றாள் வெங்கடேஸ்வரி. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தாள். "மெதுவாப் போங்க. நமக்கு அவசரம் ஒண்ணுமில்ல."