தங்கச்சியின் முன்வளவு

சீனாக்காரனுடைய மின்சாரக் கார் மட்டக்களப்புக்கும் வரப்போகிறது என்ற செய்தி ஜெயந்தனின் காதில் விழுந்தபோது, அவனுடைய வாகன விற்பனை நிலையத்தில் விற்பதற்கென்று நின்றது ஒரேயொரு பழைய வேன்தான். ஐந்து வருடமாக வெளிநாட்டு வாகனம் எதையும் நாட்டுக்குள் இறக்கக்கூடாது என்று அரசாங்கம் கதவைச் சாத்தியிருந்தது. ஜப்பானில் ஓடிய கார்களை எடுத்து விற்றுச் சீவித்தவர்கள் அந்தக் காலத்தில் பட்டது நாய் படாத பாடு. ஜெயந்தன் ஊரார் கார்களைக் கழுவிக் கொடுத்தான், கலியாண வீடுகளுக்கு வேன் ஓட்டினான், எப்படியோ தாக்குப்பிடித்தான்.

தடை நீங்கிய வருடமே கொழும்பு முகவர் நிறுவனத்திலிருந்து றிஸான் வந்தான். ஏறாவூர்க்காரன், நல்ல மனிதன். சீனக் கம்பனி கொழும்பிலும் கண்டியிலும் கால் ஊன்றிவிட்டதாகவும், அடுத்தது கிழக்கு என்றும் சொன்னான்.

"ஜெயந்தன் அண்ணன், மாவட்டத்துக்கே ஒரு ஷோரூம்தான். அதை உங்களுக்கே எடுத்துத் தரலாம். ஆனா மெயின் ரோட்டுப் பக்கமா எம்பது அடி முகப்பு வேணும். இந்தச் சின்ன ஒழுங்கைக்குள்ள சரிவராது."

மெயின் ரோட்டில் எண்பது அடி முகப்புள்ள காணி ஒன்று ஜெயந்தனுக்குத் தெரியும். அவன் பிறந்து வளர்ந்த செட்டிபாளையத்து வீட்டு வளவு. அதில் இப்போது தங்கச்சி விதுர்ஷா இருக்கிறாள்.

மட்டக்களப்புப் பக்கத்தில் வீடு என்றால் அது பெண்பிள்ளைக்கு. அவள் கலியாணம் முடிக்கும்போது தாய் தகப்பன் வீட்டைக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை அங்கே வந்து குடியேறுவார். ஆண்பிள்ளை தன் மனைவியின் வீட்டுக்குப் போய்விடுவான். ஜெயந்தனும் அப்படித்தான் ஆற்றுக்கு அக்கரையில், மண்டூரில், மனைவி கேதீஸ்வரியின் வீட்டில் இருக்கிறான். விதுர்ஷாவின் கலியாணத்தன்று அப்பா நல்லரத்தினம் வெற்றிலைத் தட்டத்தில் வீட்டுத் திறப்பை வைத்து, சபையைப் பார்த்து, "இண்டையிலிருந்து இது என்ட மகள்ர வீடு" என்றார். காணிப் பத்திரத்தை, அதாவது உறுதியை, பிறகு ஆறுதலாக எழுதலாம் என்றும் சொன்னார். எழுதவில்லை. நான்கு வருடத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள்.

"அப்ப காணி இன்னும் வாப்பாட பேர்லயா?" என்று, ஜெயந்தன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த றிஸான் கேட்டான். "அப்ப சட்டப்படி பாதி உங்கடதானே அண்ணன்!"

அவன் சூதுவாது இல்லாமல்தான் சொன்னான். ஆனால் அதுவரை ஒரு தடவைகூட ஜெயந்தனின் புத்தியில் தட்டாத கணக்கு அது. தட்டிய பிறகு அது அவனை விட்டுப் போகவில்லை. முன்பக்கத்துப் பாதியைத் தன் பங்காகப் பிரித்தெடுக்கலாம். வீட்டை உடைத்தால் ஷோரூம். பின்வளவில், கிணற்றடிக்கு அப்பால், விதுர்ஷாவுக்கு இதைவிட நல்ல வீடாகக் கட்டிக் கொடுக்கலாம். தப்புச் செய்யப் புறப்படுகிற மனிதன் முதலில் தனக்குத்தானே ஒரு நியாயம் கட்டிக்கொள்கிறான். ஜெயந்தன் கட்டியது மாடி வீடு.

கேதீஸ்வரிக்கு அவன் சொன்னபோது அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தினாள்.

"விதுக்குச் செல்லிட்டீங்களா?"

"அளந்து முடியட்டும். மறுகா செல்லலாம்."

"நாம இரிக்கிற இந்த வீட்டுக்கும் உறுதி இல்ல, தெரியும்தானே? எங்கட அப்பாவும் வாயாலதான் தந்தவர். என்ட தம்பி நாளைக்குக் காணி அளக்கிற சேவையரோட வந்து நிண்டா நீங்க எங்க போய்ப் படுப்பீங்க?"

ஜெயந்தனுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. உண்மையைச் சொன்னால் வருகிற கோபம் அது. வெளியே போய்த் தங்கச்சிக்குத் தொலைபேசி எடுத்தான்.

"விது, புதன்கிழமை சேவையர் வருவார். காணி அளக்கணும்."

"சரி அண்ணா" என்றாள். குரல் அடைத்திருந்தது. சளி, தடிமன் பிடித்திருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

புதன்கிழமை காலை நில அளவையாளரோடு போனபோது முற்றம் பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. அப்பாவின் படத்துக்கு முன்னால் விளக்கு எரிந்தது. விதுர்ஷா தலைக்கு முழுகி நல்ல சேலை கட்டியிருந்தாள். குசினி அடுப்பில் பாலும் சர்க்கரையும் போட்டுப் புக்கை பொங்கி இறக்கி வைத்திருந்தாள். இன்றைக்கு என்ன விசேஷம் என்று ஜெயந்தனுக்கு விளங்கவில்லை.

அளவையாளருக்குத் தேத்தண்ணீர் கொடுக்கும்போது அவளே சொன்னாள்.

"அப்பா செல்லிட்டுப் போனது ஐயா. அண்ணன்தான் இப்ப உறுதி எழுதித் தாறார்."

ஜெயந்தன் குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்தான்.

அவளைக் குறை சொல்ல முடியாது. தங்கச்சி இருக்கிற வளவை அண்ணன் அளக்கிறான் என்றால், அந்த ஊரில் பிறந்த யாரும் அதற்கு வேறு அர்த்தம் எடுக்கமாட்டார்கள். கொடுத்ததை எழுதிக் கொடுக்கத்தான் அளப்பார்கள். பிரித்து எடுக்க அளப்பார்கள் என்பது அவளுடைய கற்பனைக்கே எட்டாத விஷயம்.

"கட்டாரிலிருந்து இவர் ரெண்டு தரம் கேட்டவர் அண்ணா" என்றாள், புக்கையை அவன் தட்டில் வைத்துக்கொண்டே. இவர் என்றது கட்டாரில் வேலை செய்கிற அவளுடைய கணவன் மதுரனை. "அண்ணனிட்ட உறுதியைப் பத்திக் கேட்டுப் பாருங்க எண்டு. நான் கேக்கமாட்டன் எண்டுட்டன். அண்ணனுக்குத் தெரியாதா, அவர் செய்வார் எண்டன்."

அழுகை வந்தது, ஆனால் நாற்பத்திரண்டு வயது ஆள் தங்கச்சியின் குசினியில் அழுதால் காரணம் சொல்ல வேண்டியிருக்கும். எழுந்து கை கழுவினான்.

வெளியே அளவையாளர் கொப்பியும் கையுமாக நின்றார். முதல் நாளே ஜெயந்தன் சொன்னபடி பென்சிலால் ஒரு தாளில் மாதிரிப் படம் கீறி வைத்திருந்தார்.

"காணியைப் பிரிக்கிற நடுக்கட்டையை எங்க இறுக்கிற, தம்பி? வீட்டுக்குப் பின்னாலதானே?"

"நடுக்கட்டை வேணாம்" என்றான் ஜெயந்தன். "முழு வளவையும் ஒண்டா அளங்க. பேர் விதுர்ஷா மதுரன் எண்டு போடுங்க."

அளவையாளர் அவனை ஒருமுறை பார்த்தார். பிறகு நாடாவை இழுக்கச் சொன்னார்.

அதே நேரம் பார்த்து றிஸான் முகப்பைக் காட்டச் சொல்லிக் கம்பனிக் காரில் வந்து இறங்கினான். சத்தமே இல்லாத வெள்ளைக் கார். ஜெயந்தன் கேற்றடியிலேயே அவனை மறித்தான்.

"இந்த வளவு இல்ல றிஸான். இது தங்கச்சிட."

"அண்ணன், நீங்க விட்டா களுவாஞ்சிக்குடியில வேற ஆக்கள் ரெடியா நிக்காங்க. இனி இப்பிடி ஒரு சான்ஸ் வராது."

"அவங்களுக்கே குடுங்க."

கார் போன பிறகும் அவன் வீதியைப் பார்த்தபடி நின்றான். மனம் எரிந்தது. நல்லது செய்தவனுக்கு நெஞ்சு குளிரும் என்று சொன்னவன் எவனோ, அவனைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்க வேண்டும் போலிருந்தது.

அடுத்த மாதம் பத்திரம் எழுதுகிற நொத்தாரிசின் கந்தோரில் உறுதி முடிந்தது. தகப்பன் வழியில் தனக்கு வந்த பாதிப் பங்கைத் தங்கச்சிக்கு நன்கொடையாகக் கொடுப்பதாக எழுதி ஜெயந்தன் கையெழுத்து வைத்தான். அங்கிருந்த எழுதுவினைஞர், அளவையாளர் அனுப்பிய தாள்கட்டு முழுவதையும் அப்படியே தூக்கி விதுர்ஷாவின் கையில் கொடுத்து, ஏற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வைக்கச் சொன்னார். அவள் ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள். ஒரு தாளில் அவள் கை நின்றது. நின்று, நகர்ந்தது. கையெழுத்தை வைத்தாள்.

வெளியே வந்து மரநிழலில் நின்றபோதுதான் அந்தத் தாளை நீட்டினாள். பென்சில் படம். நடுவில் ஒரு கோடு. முன்பாதியில் 'ஜெயந்தன்' என்ற பெயர். வீட்டுக்கு மேல் குறுக்கும் மறுக்குமாகக் கோடு கீறி, 'உடைப்பதற்கு' என்று எழுதியிருந்தது. அந்தக் கட்டுக்குள் அது கிடந்ததை அவன் நினைத்தே பார்க்கவில்லை.

"இதுக்குத்தானா அண்டைக்கு அளக்க வந்தீங்க, அண்ணா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கம்பனி, ஷோரூம், பின்வளவில் கட்ட நினைத்த வீடு எல்லாவற்றையும் சொன்னான். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நீங்க நேர வந்து கேட்டிருந்தா நான் ஓம் எண்டிருப்பன் அண்ணா. இல்லையெண்டு செல்லத் தெரிஞ்சிருக்காது எனக்கு" என்றாள். தாளை மடித்து உறுதிக்குள் வைத்துக்கொண்டாள்.

களுவாஞ்சிக்குடியில் ஷோரூம் திறந்தார்கள். கண்ணாடிக்குப் பின்னால் மூன்று கார்கள், வாசலில் வாழைமரம், றிஸான் அனுப்பிய அழைப்பிதழ். ஜெயந்தன் போகவில்லை. அன்றைக்கு மனம் ஒரு நிலையில் இல்லாமல் செட்டிபாளையத்துக்குத்தான் போனான். அந்த வீட்டுக்குப் போனால் அவன், யாரும் கூப்பிடாமலே பின்பக்கத்தால் குசினிக்குள் நுழைந்து, சட்டி திறந்து என்ன கறி என்று பார்க்கிறவன். சின்ன வயதிலிருந்து அப்படித்தான்.

அவன் கிணற்றடியைத் தாண்டுவதற்குள் விதுர்ஷா வெளியே வந்துவிட்டாள். முகத்தில் கோபம் இல்லை.

"வாங்க அண்ணா. முன்பக்கத்தால வாங்க" என்றாள்.

விறாந்தையில் கதிரை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இருங்க. தேத்தண்ணி கொண்டுவாறன்."

வெளியாட்களுக்குப் போடுகிற கதிரை அது. ஜெயந்தன் அதில் இருந்தான்.