கிரேன்காரருக்கு வயிற்றைக் கலக்கியது

வயிறு கெட்டாலும் ‘வயிற்றைக் கலக்குகிறது’ என்போம், பயம் வந்தாலும் அதையே சொல்வோம். இந்த ஒரு சொல்லால் பிழைப்பே போகப் பார்த்தது ஒரு கிரேன்காரருக்கு.

பாதி எழும்பிய அடுக்குமாடிக் கட்டடத்துக்கும் மேலே, உயரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டு. ஏணியில் ஏறிப் போய் அதில் உட்கார்ந்துவிட்டால் அவர்தான் ராஜா. ஒருநாள் அடிவயிற்றைச் சுருட்டிப் பிடித்தது. தூக்கிய கம்பிக்கட்டைப் பத்திரமாக இறக்கிவிட்டு வாக்கி-டாக்கியை எடுத்தார்.

“மச்சான், வயித்தைக் கலக்குது. கீழ வர்றேன்.”

சூப்பர்வைசர் அவர் மனைவியின் அண்ணன். “என்ன மாப்ளே, இத்தனை வருஷம் கழிச்சு இன்னிக்குத்தான் கீழ குனிஞ்சு பாத்தீங்களா?”

அந்தக் கருவியில் பேசினால் எல்லோருக்கும் கேட்கும். சிமெண்டு கலப்பவர்கள்வரை சிரித்தார்கள்.

மறுநாளும் இறங்கினார், அதற்கடுத்த நாளும். மச்சானின் சிரிப்பு நின்றது. “பயந்தவரை மேல உக்கார வெச்சா என் தலைதான் உருளும். திங்கக்கிழமை வேற ஆள் ஏறட்டும். நீங்க கேட்ல உக்காருங்க.”

கூண்டு இல்லாமல் அவர் எப்படி இருப்பார், பாவம்! வீட்டிலாவது ஆறுதல் உண்டா?

“எதுக்குங்க பயப்படுறீங்க?”

“பயமில்லடி, வயிறு!”

“அதத்தானே அண்ணனும் சொல்லுது.”

டாக்டரம்மா எல்லாச் சோதனையும் பார்த்தார். “புண் இல்ல, கட்டி இல்ல. உங்க குடலுக்கு முன்கோபம் ஜாஸ்தி, அவ்வளவுதான். சமீபத்துல ஏதாவது மாத்திரை சாப்பிட்டீங்களா?”

“ஈறு வீங்கிச்சுன்னு சாப்பிட்டேன்.”

“அதனாலயும் இருக்கலாம். குடலுக்குள்ள கோடிக்கணக்குல நுண்ணுயிர் வேலை பாக்குது. மாத்திரை கெட்டதைத் துரத்தும்போது நல்லதையும் சேத்துத் துரத்தியிருக்கும். மிச்சமிருக்கறது இஷ்டத்துக்குக் காத்தை ஊதுது.”

“அப்ப என் வயித்துக்குள்ள ஒரு சைட்டே நடக்குதா?”

“ஆமா. மேஸ்திரி இல்லாத சைட்.”

“அப்ப இது பயமில்லைதானே?”

“குடலுக்கும் மூளைக்கும் எப்பவும் பேச்சுவார்த்தை உண்டு. வயிறு கெட்டா மனசு பதறும், மனசு பதறினா வயிறு கெடும்.”

“ஐயோ, இத மட்டும் எங்க மச்சான்கிட்ட சொல்லிடாதீங்கம்மா!”

வெங்காயத்தையும் பாலையும் கொஞ்ச நாள் ஒதுக்கச் சொன்னார். மெல்லத்தான் அடங்கும் என்றும் சொல்லி அனுப்பினார்.

சனிக்கிழமை கிரேன்காரர் மச்சானைப் பிடித்துக்கொண்டார். “ஒரு தடவை எங்கூட மேல வாங்க. என் கை நடுங்குதான்னு நீங்களே பாருங்க.”

எல்லோர் முன்னாலும் கேட்டதால் மச்சானால் மறுக்க முடியவில்லை. ஏறினார். கூண்டின் தரைக்கதவு வழியே நுழைந்தவர், அதை மூடி அதன்மேலேயே சப்பணமிட்டு உட்கார்ந்து கண்ணையும் மூடிக்கொண்டார். கிரேன்காரர் ஒரு பலகைக் கட்டைப் பூப்போல இறக்கிக் காட்டினார். யார் பார்த்தது?

காற்றில் கூண்டு லேசாக அசைந்தது.

“மாப்ளே… எனக்கு வயித்தைக் கலக்குது.”

“எனக்குந்தான் மச்சான். ஆனா எனக்கு நிஜமாவே. கதவை விட்டு எந்திரிங்க.”

“என்னால அசைய முடியலையே!”

“நீங்க அசையலன்னா இங்கயேதான். அப்புறம் என்னைக் குறை சொல்லக்கூடாது.”

மச்சான் கண்ணைத் திறந்து மாப்பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். மச்சானின் உடம்புக்குள் அவ்வளவு வேகம் இருந்தது அன்றைக்குத்தான் தெரிந்தது. அவர் ஏணியில் இறங்கினாரா, வழுக்கினாரா என்று கீழே நின்றவர்களுக்கே புரியவில்லை. பின்னாலேயே வந்த கிரேன்காரர் யாரையும் பார்க்காமல் கழிப்பறைப் பக்கம் ஓடினார்.

மூச்சு வாங்க மச்சான் வாக்கி-டாக்கியை எடுத்தார். “எல்லாரும் கேட்டுக்கோங்க. திங்கக்கிழமையும் மாப்ளதான் ஏறுவார். அவர் வயித்தைக் கலக்குதுன்னு சொன்னா ஒருத்தனும் கேள்வி கேக்கக்கூடாது. ஏணிப் பக்கமே நிக்கக்கூடாது.”