மறு வருஷத்துக் கறுப்பு

பதினெட்டுக் காலடி தூரத்தை நானூறு மீட்டர் என்று எழுதியவள் நான். கீரைத்தானிய ஆராய்ச்சி நிலையத்தில் பதினோரு வருஷம் வேலை பார்த்தவள், ஊரே டாக்டர் அம்பாரோ என்று கூப்பிடுகிறவள். தெரியாமல் எழுதினேன் என்று சொன்னால் என் வாய் அழுகிப்போகும்.

தெவுத்லி மலைச்சரிவில் தண்டுக்கீரை மாதிரிச் செடியில் கதிராய் விளைகிற கீரைத்தானியம்தான் பயிர்; நாற்பது வீட்டுக்கு அதன் விதை எதெல்வீனாவின் நிலத்திலிருந்துதான் போகும். அறுப்புக்கு முன்னால் கதிர் கதிராகக் கசக்கி உள்ளங்கையில் ஊதிப் பார்ப்பாள். கறுப்பு விதை ஒன்று கண்டாலும் செடியையே பிடுங்கி எறிந்துவிடுவாள். வெள்ளைதான் கல்லில் பூவாய்ப் பொரியும், தேன்பாகில் அழுத்தி அலெக்ரியா மிட்டாய் வெட்டலாம். கறுப்பு பொரியாது, பல்லில் மணலாய்க் கடிபடும். அவள் மகள் ரோஸாரியோவுக்கு நான் ஞானத்தாய். அந்த உறவில் நாங்கள் ஒருவருக்கொருவர் கொமாத்ரே.

போன வருஷம், இந்தத் தானியத்தின் காட்டு இனமான காட்டுக்கீரையின் வறட்சி தாங்கும் குணத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சி என் தலையில் விழுந்தது. நிலையத்து நிலத்தில் தண்ணீர் தேங்கிவிட்டது. நாற்று முற்றிக்கொண்டிருந்தது, மேலிடம் நச்சரித்தது. என் தம்பியின் நிலம் சும்மா கிடந்ததால் அங்கே நட்டேன். அதற்கும் எதெல்வீனாவின் நிலத்துக்கும் நடுவே ஒரு கல்சுவர், ஒரு வரிசைக் கற்றாழை, பதினெட்டுக் காலடி, அவ்வளவுதான். காட்டுக்கீரைக்குக் கறுப்பு விதை, மகரந்தமோ காற்றில் பறக்கும். நானூறு மீட்டர் தள்ளி நட வேண்டும் என்பது விதி. படிவத்தில் தூரம் கேட்ட கட்டத்தில் விதி கேட்டதையே எழுதிக் கொடுத்தேன்.

அந்த வருஷம் அவள் விதை பால்வெள்ளையாக வந்தது. வேறு யாராவது என்றால் தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்திருப்பார்கள். என்னால் அப்படி இருக்க முடியாது. விதையின் மேல்தோல் தாய்ச்செடி கொடுப்பது. தாய் வெள்ளை என்றால், உள்ளே எந்த மகரந்தம் புகுந்திருந்தாலும் விதை வெள்ளைதான். அது முளைத்து, வளர்ந்து, தானே தாயாகும்போதுதான் கறுப்பு வெளியே வரும். இதை வகுப்பு எடுத்து மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு, சும்மா இருந்தேன்.

இந்த நவம்பரில் கதிரடித்தபோது நாற்பது வீட்டுக் களத்திலும் வெள்ளைக் குவியலில் மிளகு தூவினாற்போல் கறுப்பு. மிட்டாய் செய்கிறவர்கள் மூட்டைகளைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்த களத்து ஃபிதென்சியோவுக்கு வாய் சும்மா இருக்குமா? போன வருஷம் மகள் கல்யாணத்தில் ஆடின கால் நிலத்துக்கு எப்படிப் போகும் என்று போகிற வருகிறவர்களிடமெல்லாம் கேட்டான்.

எதெல்வீனா ரொட்டி சுற்றும் துணியில் ஒரு பிடி விதை முடிந்துகொண்டு என்னிடம் வந்தாள்.

"கொமாத்ரே, நீ பூதக்கண்ணாடில பாத்து உள்ளத சொல்லு. நான் எங்கயோ கண்ணசந்துட்டேன், இல்ல?"

தேவையே இல்லாமல் வெகுநேரம் பார்த்தேன். இயற்கையில் சில சமயம் இப்படி ஆவதுண்டு என்றேன். அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். கல்யாண வாரத்தில் நாலு நாள் நிலத்துப் பக்கமே போகவில்லையாம், அந்த நாலு நாளில்தான் வேலியோரம் ஏதோ காட்டுச்செடி பூத்திருக்க வேண்டுமாம். அவளே தனக்கு ஒரு குற்றத்தைத் தேடி எடுத்துக்கொண்டாள். எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அப்பாடா என்று இருந்தது. சீ, இதுவும் ஒரு பிழைப்பா?

ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. எதெல்வீனா எழுந்து முக்காட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"விதை என்னோடது. தப்பும் என்னோடதுதான். இனிமே நீங்க வேற யார்கிட்டயாவது விதை வாங்கிக்கங்க."

முப்பது வருஷமாகப் பொறுக்கிச் சேர்த்த பெயரை அவள் இரண்டே பேச்சில் கீழே வைத்துவிட்டாள். அதற்குமேல் என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து, தம்பி நிலம், காட்டுக்கீரை, பதினெட்டுக் காலடி, பொய்ப் படிவம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றையும் விடவில்லை.

ஃபிதென்சியோதான் முதலில் வாயைத் திறந்தான்.

"பாத்தீங்களா? கொமாத்ரேன்னா இப்படி இருக்கணும். அவ பழியத் தூக்கித் தன் தலையில போட்டுக்கிறாங்க."

கூட்டம் கைதட்டியது. இல்லை, சத்தியமாக நான்தான் என்று மறுபடியும் சொன்னேன். டாக்டரம்மா இப்படியெல்லாம் செய்வாரா என்று இன்னும் பலமாகத் தட்டினார்கள். யாரோ ஒரு கிழவி வந்து என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். எனக்கு உடம்பு கூசியது.

எதெல்வீனா மட்டும் கைதட்டவில்லை. கூட்டம் கலையும்வரை காத்திருந்து கிட்டே வந்தாள்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

போன வருஷம் அவள் கதிரடிக்கும்போதே தெரியும் என்றேன்.

அவள் முக்காட்டை மறுபடியும் தலையில் போட்டுக்கொண்டாள்.

"அப்ப, அதுக்கப்புறம் நான் ஊருக்கு விதை அளந்து போட்டப்போ, ஒவ்வொரு பையா வாயப் பிரிச்சுப் புடிச்சது நீதானே."

ஆமாம். நாற்பது பையையும் நான்தான் பிடித்தேன்.