டானெட் ஓவர்பியின் வலது முழங்கால்

டானெட் ஓவர்பியின் வலது முழங்காலில் தசைநார் அறுந்தபோது வலித்தது அவளுக்கல்ல, ஹெல்மர் ஊருக்கு. 1994 மார்ச் நான்காம் தேதி, வெள்ளிக்கிழமை மாலை ஐந்தேகால் மணிக்கு, எட்டுக் கல்லூரிகள் மோதும் மகளிர் கூடைப்பந்துப் போட்டியின் அரையிறுதியில், பந்தோடு எம்பியவள் கால் மடங்கி விழுந்தாள். அதே நொடியில் அரங்கின் பலகைப் படிகளில் இருந்த உள்ளூர்க்காரர்கள் அத்தனை பேரும் வலது முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறினார்கள். பீட்ரூட்டிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலையில் கிழங்கு கழுவிக்கொண்டிருந்தவர்கள் சுருண்டு விழுந்தார்கள். லூத்தரன் தேவாலயத்தில் ஒரு கல்யாண ஒத்திகை பாதியில் நின்றது. வெளியூர்க்காரர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. டானெட் எழுந்து, ஷூ லேஸை இறுக்கிக்கொண்டு, எதிரணியின் தப்பாட்டத்துக்காகத் தனக்குக் கிடைத்த இரண்டு இலவச எறிகளையும் கூடையில் போட்டாள். ஹெல்மர் கல்லூரி ஜெயித்தது.

அவளுடைய அம்மா லவோன் ஆஸ்பத்திரியில் துணி வெளுப்பவள். நொண்டிக்கொண்டே உடை மாற்றும் அறைக்குப் போனாள்.

"நாளைக்கு ஆடாதடி. உள்ள ஒண்ணும் மிச்சமில்ல."

"எனக்கு வலிக்கவே இல்லம்மா."

"எனக்கு வலிக்குதே."

வாசலில் கூட்டம் நின்றிருந்தது. இரும்புக்கடை ஆர்வில் ஸ்டென் எல்லோருக்குமாகப் பேசினார். "லவோன், நாங்க தாங்கிக்கிறோம். புள்ள ஆடட்டும். கோப்பை வந்து பதினாறு வருஷமாச்சு." பயிற்சியாளர் கார்லா விக் தன் முழங்காலில் ஐஸ் பையைக் கட்டிக்கொண்டே, முதலில் இறங்கும் ஐந்து பேரில் டானெட்டின் பெயரை எழுதினாள்.

சனிக்கிழமை ஊர்க்காரர்கள் ஆஸ்பிரின், விஸ்கி, பல்லில் கடித்துக்கொள்ள இடுப்பு பெல்ட் எல்லாம் எடுத்துக்கொண்டு வந்தார்கள். "என்னப்பா, பொண்ணு ஓடுறா, ஊர் நொண்டுது?" என்று எதிரணிக் கூட்டம் சிரித்தது. டானெட் எம்பும்போது "ஏறு, ஏறு!" என்று கத்தியவர்கள், அவள் தரையிறங்கும்போது அழுதார்கள். இரண்டு நிமிடம் பாக்கி இருக்கையில் முழங்கால் மூட்டே பின்பக்கமாக விலகியது. டானெட் குனிந்து, கையால் அதை உள்ளே தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். படிகளில் நாற்பது பேர் மயங்கி விழுந்தார்கள். லவோன் களத்துக்குள் இறங்கப் போனாள். நாலைந்து பேர், தாங்களே விம்மிக்கொண்டு, அவளை இழுத்து உட்கார வைத்தார்கள். அறுபத்தொன்றுக்கு ஐம்பத்தெட்டு. கோப்பை ஹெல்மருக்கு.

முழங்காலுக்குப் பின்னால் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்திருந்தது. இரவுக்குள் பாதம் சில்லிட்டுவிட்டது. திங்கட்கிழமை முழங்காலுக்கு மேலே காலை வெட்டியெடுத்தார்கள். ஆர்வில் கோப்பையைத் தூக்கிக்கொண்டு பார்க்கப் போனார்.

"அவ்வளவு வலிச்சுதே உங்களுக்கு," என்றாள் டானெட். "அம்மாவத் தவிர ஒருத்தர்கூட நிறுத்துன்னு சொல்லலியே?"

"நாங்கதான் தாங்கிக்கிட்டோமேம்மா," என்றார் ஆர்வில்.

அந்த இலையுதிர் காலத்தில் அவள் கட்டைக்காலோடு மேற்கே போகும் பஸ்ஸில் ஏறினாள். கடிதம் போடவில்லை. கால் போன பிறகும் வலி ஊரிலேயே தங்கிவிட்டது. அஞ்சலகப் படிகளை இடித்துவிட்டுச் சரிவுப்பாதை போட்டார்கள். ஆலையில் உட்கார்ந்து பார்க்கிற வேலைகளுக்கு அடிதடி நடந்தது. கார்லா விக் இரண்டு வருடத்தில் வேலையை விட்டுவிட்டாள். பிறகு பிறந்த பிள்ளைகளுக்கு அந்த வலி இல்லை; அவர்கள் துள்ளி ஓடுவதைப் பார்த்துப் பெரியவர்கள் காரணமில்லாமல் அறைந்தார்கள். லவோன் மட்டும் வலியைக் கவனித்துக் கேட்டாள். காலை ஆறுக்குத் தொடங்கி இரண்டுக்கு அடங்கினால், மகள் நின்று பார்க்கிற வேலையில் இருக்கிறாள். ஞாயிறு முழுக்க லேசாக இருந்தால், படுத்திருக்கிறாள். "இன்னிக்கு மாடிப்படி ஏறியிருக்கா" என்று பக்கத்து வீட்டில் சொல்வாள். அவர்களும் தொடையை நீவிக்கொண்டே, ஆமாம் என்பார்கள்.

2009 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை, பகல் பதினொரு மணிக்கு, வலி நின்றது. மளிகைக்கடையில் இருந்தவர்கள் ஒரே நேரத்தில் நிமிர்ந்தார்கள். ஆர்வில் இரண்டு எட்டு ஆடியேவிட்டார். ரொட்டி அடுக்குகளுக்கு நடுவே லவோனைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"போயிட்டா," என்றாள் லவோன். "எந்த ஊர்லன்னு கூடத் தெரியல."

உடல் இல்லாமலே ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆராதனை வைத்தார்கள். யாரும் சொல்லிவைக்கவில்லை, ஆனால் ஊர் முழுக்க, அந்த வலியைச் சுமந்த தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரும், வலது காலை இழுத்து நொண்டிக்கொண்டே வந்தார்கள். லவோன் வாசலில் நின்று பார்த்தாள்.

"நடிக்காதீங்க," என்றாள். "நேரா நடங்க."

நேராக நடந்து உள்ளே போனார்கள். ஹெல்மரில் அந்த வலியைச் சுமந்தவர்கள் யாருக்கும் இன்றுவரை முழங்கால் வலி வருவதில்லை. எண்பதைத் தாண்டியவர்களுக்கும் இல்லை. டாக்டர் அதற்குக் காரணம் கேட்பதில்லை.