செபஸ்தியான் என்று மந்திரித்த இரண்டாவது கிற்றார்

பேசாலைத் திருவிழா மேடையில் பஸ்ரியன் வாசித்த கிற்றார் பேசாலையில் கேட்கவில்லை. பத்து மைல் கட்டைக்கு மேல் தள்ளியிருக்கும் தாழ்வுபாட்டில், அன்ரோனெற் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கிய சிவப்புக் கிற்றாரில்தான் கேட்டது. தலைமன்னாரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. அந்தக் கிழமை சோளகக் காற்று ஓய்ந்து மீன் விலை இறங்கியிருந்தது. மேடையில் ஜெனரேற்றர் ஓடியது, விளக்கெல்லாம் எரிந்தன, பஸ்ரியனின் யப்பான் கிற்றாரும் ஒலிபெருக்கியோடு ஒழுங்காகத்தான் இணைக்கப்பட்டிருந்தது. அவருடைய விரல்கள் ஓடியதைச் சனம் பார்த்தது, அவ்வளவுதான். தாழ்வுபாட்டில் அந்த வீட்டுக்கு மின்சாரமே இல்லை. ஆனாலும் அயலட்டை முழுவதும் முற்றத்தில் வந்து நின்று, ஒரு பாட்டு விடாமல் கேட்டுவிட்டுப் போனது.

பஸ்ரியன் மன்னார் உப்புக்குளத்துக்காரர், 'கடல் விண்மீன்' இசைக் கோஷ்டியின் தலைவர். அன்ரோனெற் அவருக்குத் தூரத்து முறையில் தங்கை. கோஷ்டியில் அவளுக்கு ஸ்பெயர் வேலை. மேடைக்குப் பின்னால் இருந்து அவருடைய கிற்றாருக்குச் சுருதி கூட்டிக் கொடுப்பாள், தந்தி அறுந்தால் மாற்றிக் கொடுப்பாள். அவருக்கு விரல் வீங்கிய நாட்களில் திரைக்குப் பின்னால் இருந்து அவளே வாசிக்க, முன்னால் நின்று அவர் விரலை ஆட்டுவார். கைதட்டல் யாருக்கு என்று கேட்கத் தேவையில்லை. ஒரு தரம், ஒரேயொரு பாட்டுக்காவது முன்னால் நின்று வாசிக்கட்டுமா என்று அவள் கேட்டாள். பஸ்ரியன் சிரித்தார். "ஸ்பெயர் வள்ளத்துக்கு ஆரும் கொடி கட்டுறேல்ல, பிள்ளை" என்றார்.

அதைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது பாட்டு விடயம். அவளுடைய தம்பி பெனடிக்ற் ஒரு சோளகக் காலத்தில் கடலுக்குப் போனவன், திரும்பி வரவில்லை. வள்ளத்தின் பலகைகூடக் கரை ஒதுங்கவில்லை. உடம்பு கிடைக்காததால் சேமக்காலையில் அவனுக்குக் குழியுமில்லை, சிலுவையுமில்லை. அவனுக்கென்று இருந்ததெல்லாம் அக்கா கட்டிய ஒரு பாட்டுத்தான். 'சோளகம் ஓஞ்சுபோச்சுத் தம்பி, நீ எங்க' என்று அது தொடங்கும். அதை நம்பிப் பஸ்ரியனுக்கு வாசித்துக் காட்டினாள். அவர் தாளத்தை விரட்டி, தம்பியை எடுத்துவிட்டுக் கண்ணே என்று போட்டு, தன் மனைவி பிரான்சிஸ்காவுக்குத் தானே கட்டிய பாட்டென்று ஒரு கலியாணவீட்டில் பாடினார். சனம் எழும்பி ஆடியது. தம்பியின் நெஞ்சில் ஏறி நின்று ஆடுவதுபோல் அன்ரோனெற்றுக்கு இருந்தது. அன்றிலிருந்து அவளுக்கு வேண்டியது ஒன்றேதான்: அந்த மனிதன் மேடையில் ஏறி, அது யாருடைய பாட்டு, யாருக்குக் கட்டிய பாட்டு என்று ஊர் கேட்கச் சொல்லவேண்டும். சொல்லும்வரை அவருக்குத் தொண்டையில் சோறு இறங்கக்கூடாது என்று மாதாவிடமே கேட்டாள். அப்படிக் கேட்டது சரியா பிழையா என்பது மாதாவும் அவளும் பேசித் தீர்க்கவேண்டிய விடயம்.

அதே கலியாணவீட்டில் பஸ்ரியனின் தந்தி இரண்டு தரம் அறுந்தது. தந்தி மாற்றும்வரை மேடையில் சும்மா நிற்பது மரியாதைக் கேடு என்று, மலிவாக ஒரு ஸ்பெயர் கிற்றார் வாங்கிவைக்கும்படி அவர் அன்ரோனெற்றுக்குச் சொன்னார். பக்கத்துத் தாராபுரத்து அபூசாலி கப்பலில் இந்தியாவுக்குப் போய் உடுக்கும் சாரமும் எவர்சில்வர் சாமானும் கொண்டுவந்து விற்கிறவர். அவர்தான் சாரப் பொட்டலத்துக்குள் சுற்றி அந்தச் சிவப்பு மின்கிற்றாரைக் கொண்டுவந்தார். மதராசில் யாரோ ஒரு தச்சர் செய்ததாம். பார்க்கத்தான் அது கிற்றார். கழுத்து வளைந்திருந்தது. தந்திகள் பலகையை விட்டு எழும்பி நின்றன, அழுத்தினால் விரலை வெட்டின. கீழே சரியாயிருந்த சுருதி மேலே போகப் போக விலகியது. ஒலிபெருக்கியில் பூட்டினால் வண்டுக்கூடு மாதிரி இரைந்தது. அபூசாலிக்கே வெட்கமாகிப்போய், சுவரில் கொழுவி வைத்தால் வடிவாயிருக்கும் என்று சொல்லிவிட்டு, பாதி விலையோடு போய்விட்டார்.

சிலருக்குக் கோபம் வந்தால் கை நடுங்கும். அன்ரோனெற்றுக்குக் கோபத்தில்தான் கை நிதானமாகும். கிற்றாரை முழுவதும் கழற்றினாள். கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பியைக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி வளைவை எடுத்தாள். கழுத்து உடம்போடு சேரும் இடத்தில் சிகரெட் பெட்டி மட்டையை மடித்து வைத்தாள், தந்திகள் பணிந்தன. தலைப்பக்கத்தில் தந்திகள் படிந்து கிடக்கும் பிளாஸ்ரிக் துண்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, சங்கில் ஒன்று அராவிப் பொருத்தினாள். உள்ளே விட்டுப்போயிருந்த வயரை ஈயம் வைத்து ஒட்டியதும் இரைச்சல் நின்றது. ஒவ்வொரு திருகாணிக்கும் பஸ்ரியனை ஒரு தரம் திட்டினாள். வேலை திறமாய் வந்தது.

தாழ்வுபாட்டில் கோயில் சுவாமி மந்திரித்துப் பெயர் வைக்காத வள்ளம் கடலில் இறங்காது. ஸ்பெயராக வாங்கும் வள்ளத்துக்கு முதல் வள்ளத்தின் பெயரையே வைப்பார்கள், காவல் நிற்கிற புனிதருக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதற்காக. ஆனால் ஒரே பெயருள்ள இரண்டும் ஒரே நாளில் கடலுக்குப் போகமாட்டா. ஒன்று இறங்கினால் மற்றது கரையில் கவிழ்ந்து கிடக்கும். பஸ்ரியன் தன் யப்பான் கிற்றாருக்குச் செபஸ்தியான் என்று, அதாவது தன் ஞானஸ்நானப் பெயரையே வைத்து மந்திரித்திருந்தார். அவருடைய எண்ணம் அப்படி. அன்ரோனெற் சிவப்புக் கிற்றாரைத் துவாயில் சுற்றிக் கோயிலுக்குக் கொண்டுபோய், வழமைப்படி அதே பெயரைச் சொன்னாள். சுவாமியும் மறுபேச்சில்லாமல் தீர்த்தம் தெளித்தார். கவிழ்ந்து கிடக்கும் விதி கிற்றாருக்கும் உண்டா என்று ஒருவரும் யோசிக்கவில்லை. பேசாலைத் திருவிழாவன்று, அந்தப் பாட்டைக் காதால் கேட்க விருப்பமில்லாமல், வேலை முடியவில்லை என்று சாட்டுச் சொல்லி அவள் வீட்டில் நின்றாள். பொழுதுபடக் கடைசித் தந்தியையும் சுருதிக்குக் கொண்டுவந்து ஆணியில் கொழுவினாள். அதோடு யப்பான் கிற்றார் கவிழ்ந்தது.

நடந்தது என்னவென்று விளங்கியதும் அவள் கிற்றாரை ஆணியிலிருந்து எடுத்து வெளியே பூவரசில் கட்டினாள். அந்த நிழலில்தான் ஊர்க் கழுதைகள் நிற்கும். வங்காலையில் வாசித்தாலென்ன, தலைமன்னாரில் வாசித்தாலென்ன, பஸ்ரியனின் வாசிப்பு அந்த வருசம் முழுவதும் கழுதைகளுக்குத்தான். அன்ரோனெற் அதைப் பார்த்துச் சந்தோசப்பட்டாள், இதில் மறைக்க ஒன்றுமில்லை. பஸ்ரியன் வயர் மாற்றினார், ஒலிபெருக்கி மாற்றினார், இரவல் கிற்றார் வாங்கினார். அவர் கை பட்டதும் அதுவும் ஊமையானது. கடைசியில் பூவரசுக் கதை காதில் விழ, தாழ்வுபாட்டுக்கு வந்து, என்ன வேண்டுமென்று கேட்டார்.

"மேடையில ஏறி, அது என்ர தம்பிக்கு நான் கட்டின பாட்டெண்டு சொல்லுங்கோ, அண்ணன்."

"பாட்டெண்டாப் பாட்டு. ஆர் கட்டினா என்ன? செத்தவன் வந்து கேக்கப்போறானே?"

அவர் படலையைத் தாண்டியதும் அன்ரோனெற் பூவரசடிக்குப் போனாள். கிற்றாரை அவிழ்த்து, ஆறு தந்திகளையும் ஒவ்வொன்றாக அரைச் சுருதி ஏற்றினாள். மற்ற நாள் காலை பஸ்ரியனுக்குக் குரல் இல்லை. பெயர் அவருடையதும்தானே. மத்தியானம் பிரான்சிஸ்கா பஸ் பிடித்து வந்தாள்.

"மச்சாள், அவர் வாயைத் திறக்கிறார், எனக்கு ஒண்டும் கேக்கேல்ல. இஞ்ச கேக்குதோ?"

"கேக்குது. காலமை சொதிக்கு உப்புக் காணாதெண்டவர்."

பிரான்சிஸ்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, வேறு என்ன சொன்னவர் என்று விசாரித்தாள்.

பஸ்ரியன் வைத்தியம் பார்த்தார், மடு மாதா கோயிலுக்கு நடந்து போய் நேர்த்தி வைத்தார், ஒன்றும் சரிவரவில்லை. பிறகுதான் மனிதன் உடைந்தார். மன்னாரில் ஒரு மேடையில் ஏறி, மைக்கைப் பிடித்து, பாட்டு அன்ரோனெற்றுடையது என்றும், கடலோடு போன பெனடிக்ற்றுக்குக் கட்டியது என்றும், தான் களவெடுத்ததென்றும் கண்ணீர் விட்டுச் சொன்னார். சனத்துக்கு வாய் அசைந்தது மட்டும் தெரிந்தது. சொன்னதெல்லாம், அயலட்டை முழுவதும் மன்னாருக்குப் போய்விட்ட தாழ்வுபாட்டில், மீன் கழுவிக்கொண்டிருந்த அன்ரோனெற்றுக்கு மட்டும் கேட்டது. அவ்வளவு காலம் கேட்டிருந்த சொல் வந்து, அதைக் கேட்க ஊரில் ஒரு மனிசர் இல்லை. அவளுக்கு அழுகையும் வந்தது, தன்மேலேயே ஆத்திரமும் வந்தது. கத்தியை எறிந்துவிட்டு, கழுதைகளைக் கல்லெறிந்து துரத்தினாள்.

அடுத்த பேசாலைத் திருவிழாவுக்குச் சிவப்புக் கிற்றாரை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனாள். மேடையின் நடுவில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, பஸ்ரியனைப் பார்த்துத் தலையை அசைத்தாள். அவர் வாயைத் திறந்தார். குரல் அவளுடைய மடியிலிருந்து வந்தது, கடைசி வரிசைவரை தெளிவாகக் கேட்டது. அவர் ஒரு சொல்லும் விடாமல் சொல்லி முடித்த பிறகு அவள் பாடினாள், தம்பி என்ற சொல்லைத் தம்பி என்றே பாடினாள். பழக்கத்தில் ஆட எழும்பிய சிலர் அப்படியே நின்றுவிட்டார்கள். பாட்டு முடிந்ததும் சுவாமி மேடைக்கு வந்து பெனடிக்ற்றின் ஆத்துமத்துக்காக அடக்கச் செபத்தைச் சொன்னார், ஊர் முழுவதும் முழங்காலில் நின்றது. குழி இல்லாதவனுக்கு அன்றைக்குத்தான் அடக்கம் நடந்தது.

செபம் முடிய, இனியாவது அந்த மனிசனுக்குக் குரலைக் கொடுத்துவிடும்படி சுவாமி கேட்டார். அவள் மன்னிப்பாள் என்று எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"குடுக்கிறன் சுவாமி" என்றாள். "என்ர தம்பி வரட்டும்."

துவாயால் கிற்றாரைச் சுற்றிக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ரியன் கருவாட்டு வாடி ஒன்றில் வேலைக்குப் போனார், அங்கே கதைக்கத் தேவையிருக்கவில்லை. பிரான்சிஸ்கா பின்னேரங்களில் தாழ்வுபாட்டுக்கு வந்து, பிளேன்ரீ குடித்தபடி, புருசன் உப்புக்குளத்தில் இருந்து சொல்வதையெல்லாம் கேட்பாள். பதில் சொல்லவேண்டியதாக ஏதும் இருந்தால் வீட்டுக்குப் போய்ச் சொல்வாள்.