அறுபத்து மூன்று டிகிரி

மூன்றாம் நாள் காலை, ஆய்வகத்துப் பெட்டியிலிருந்து அந்தத் தட்டை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். தட்டு முழுக்கப் புள்ளிகள். வெள்ளையாகக் கொஞ்சம், மஞ்சளாகக் கொஞ்சம், குண்டூசித் தலை அளவில். எங்கே எடுத்த சாம்பிள் என்று மூடியில் எழுதவேண்டிய இடத்தை வெறுமனே விட்டிருந்தேன். என் மனைவியின் பால் என்று அதில் எப்படி எழுதுவது?

நான் குழந்தைகளுக்கான பால்மாவு தயாரிக்கும் ஆலையில் பரிசோதகன். பதினோரு வருடமாக இதுதான் பிழைப்பு. மாவைக் கரைத்துத் தட்டில் இட்டுக் கதகதப்பான பெட்டியில் வைத்தால், உள்ளே இருக்கும் கிருமி மூன்று நாளில் புள்ளியாக முளைத்துத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். விரல்விட்டு எண்ணும் அளவைத் தாண்டினால் அன்றைய மாவு மொத்தமும் குப்பை. எங்கள் ஆலையில் ஒரு வழக்கம் உண்டு. வேண்டாம் என்று கையெழுத்துப் போட்டவனே, கடைசி மூட்டையைக் கொட்டி முடிக்கும்வரை பக்கத்தில் நிற்கவேண்டும். யாரும் மனமிரங்கி ஒரு மூட்டையை ஒதுக்கிவிடக் கூடாதே. நான் கால் கடுக்க எத்தனையோ முறை நின்றிருக்கிறேன், ஒரு முறைகூட மனமிரங்கியதில்லை. கூட வேலை செய்பவர்கள் எனக்கு வைத்திருக்கும் பெயர் 'சந்தேகம்'. "சந்தேகம் வந்தாச்சு, டீயை மூடி வைங்கப்பா" என்பார்கள்.

எங்கள் மகள் ஏழு வாரம் முந்திக்கொண்டு பிறந்துவிட்டாள். ஒன்றரைக் கிலோ. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள், மூக்கில் குழாயோடு கிடந்தாள். மனைவியை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வயிற்றில் தையல் இழுக்க இழுக்க, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தரம் உட்கார்ந்து பம்ப்பில் பால் எடுத்து, சீசாவில் நேரம் எழுதி ஒட்டி, ஃப்ரிட்ஜில் வைப்பாள். முதல் நாள் ஒரு ஸ்பூன்கூடத் தேறவில்லை. அழுதாள். ஒரு வாரத்தில் சீசா நிறைந்தது. அதைத் தூக்கிக் காட்டி அவள் சிரித்த சிரிப்பைக் கல்யாணத்தன்றுகூட நான் பார்த்ததில்லை. தினமும் காலையில் நான் ஐஸ் பெட்டியில் எடுத்துப் போய்க் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவேன். மத்தியானம் அவள் போய்ப் பார்த்துவிட்டு வருவாள்.

ஒன்பதாம் நாள் குழந்தைக்கு வயிறு உப்பிக்கொண்டது. ஒரு நாள் பாலை நிறுத்தினார்கள். முந்திப் பிறந்த குழந்தைகளுக்கு வருவதுதான், சரியாகிவிடும் என்றார்கள். சரியாகவும் ஆகிவிட்டது. எனக்குத்தான் மனசு ஆறவில்லை. மறுநாள் சீசாவிலிருந்து கொஞ்சம் திருடினேன். அந்தப் பால்தான் இந்தத் தட்டில் முளைத்திருந்தது.

யாரிடமாவது கேட்டிருக்கலாம். டாக்டரிடம் ஒரு வாய் வார்த்தை போதும். ஆனால் கிருமி விஷயத்தில் எனக்கு யார் சொல்லித் தரவேண்டும்? அன்றிலிருந்து காலையில் நேராக ஆலைக்குப் போனேன். சீசாக்களை வெந்நீர்த் தொட்டியில், கிருமி சாகும்படி, அறுபத்து மூன்று டிகிரியில் அரை மணி நேரம் நிறுத்தி, ஆறவைத்து, பிறகு ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலு நாள். மகளுக்கு ஏதோ பெரிய காவல் வேலை செய்கிற நினைப்பு. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நாலாம் நாள் சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது மனைவி செருப்பைக்கூடக் கழற்றாமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பால் பத்து மணிக்குத்தான் வருதாம், நர்ஸ் கேட்டாங்க. நீங்க ஏழு மணிக்கே கிளம்புறீங்க. நடுவுல எங்க போறீங்க?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தரையைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னை டெஸ்ட் பண்ணி ஃபெயில் ஆக்கிட்டீங்க."

"உன்னை இல்லம்மா, பாலைத்தான்..."

"அது என்ன, டேங்கர்லயா வருது?"

எழுந்து போய்ப் பம்ப்பைக் கழற்றித் துண்டு துண்டாகக் கழுவி, துடைத்து, அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். பேசிய பேச்சைவிட அந்த நிதானம்தான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் காலை ஃப்ரிட்ஜில் ஒரு சீசாகூட இல்லை. அவள் மார்பெல்லாம் நனைந்து, மேலே துண்டைப் போட்டுக்கொண்டு வலியில் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எடுத்துவிடேன் என்று கெஞ்சினேன்.

"அழுக்கை எடுத்து வச்சு என்ன பண்றது? உங்க மாவையே குடுங்க. அதுலதான் புள்ளி இருக்காதே."

வெறுங்கையோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்தக் குழந்தைகள் பிரிவைக் கட்டி மேய்க்கும் மூத்த நர்ஸை எல்லோரும் பெரியக்கா என்பார்கள். அவரிடம் தலையைக் குனிந்துகொண்டு ஒப்புக்கொண்டேன். திட்டுவார் என்று பார்த்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஏங்க, தாய்ப்பால்ல கிருமி இருக்கத்தான் செய்யும். அது இயல்பா இருக்கிறது. பாப்பா வயித்துல முதல்ல போய்க் குடியேறுறதே அதுங்கதான். நல்லது இடம் பிடிச்சிட்டா கெட்டது சுலபமா உள்ள வராது. அதுங்களுக்குத் தீனிகூட அந்தப் பால்லயே இருக்கு. உங்க வீட்டம்மா கட்டுச்சோத்தோட ஆள் அனுப்புறாங்க, நீங்க வழியில மடக்கி எல்லாரையும் வெந்நீர்ல முக்கியிருக்கீங்க."

"பாப்பாவுக்கு ஏதாவது..."

"பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகல. அம்மாவுக்குத்தான் ஆகியிருக்கு. எடுக்காம விட்டா பால் வத்திடும். இன்னைக்கே கூட்டிட்டு வாங்க."

வீட்டுக்கு ஓடிவந்து மூச்சு வாங்கச் சொன்னேன். மனைவி முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"நேத்து அழுக்கு. இன்னைக்கு அமிர்தமா?"

எதிரே தரையில் உட்கார்ந்தேன். "பயந்துட்டேன். புள்ளியைப் பாத்தா கொட்டணும்னுதான் பதினோரு வருஷமா தெரியும். வேற ஒண்ணும் தெரியல எனக்கு."

"அந்தத் தட்டு இருக்கா?" என்றாள். இருந்தது. எண்ணி முடித்ததும் நீராவியில் வைத்துக் கொன்றுவிட வேண்டும் என்பது விதி. ஏனோ மனம் வராமல் ஆய்வகத்து ஃப்ரிட்ஜில் ஒளித்து வைத்திருந்தேன். போய், சுற்றிலும் டேப் ஒட்டி, விதியை மீறி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். முகத்தைச் சுளிப்பாள் என்றுதான் நினைத்தேன். அவளோ ஜன்னலோரம் நின்று, குரூப் போட்டோவில் தெரிந்த முகத்தைத் தேடுகிற மாதிரி ஒவ்வொரு புள்ளியாகப் பார்த்தாள்.

"இந்த மஞ்சள் என்ன?"

"தெரியல. எங்க லேப்ல பேர் கேக்க மாட்டோம். எண்ணிட்டுக் கொன்னுடுவோம்."

"பாவம்" என்றாள். யாரைச் சொன்னாள் என்று நான் கேட்கவில்லை. "ஆட்டோ கூப்பிடுங்க."

ஆஸ்பத்திரிப் பம்ப்போடு அரை மணி நேரம் உட்கார்ந்தும், பால் கட்டிக்கொண்டதில் சீசாவின் அடிதான் நனைந்தது. முன்பு வந்ததில் கால்வாசிகூட இருக்காது. அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்தக் கொஞ்சத்தையும் பெரியக்கா வாங்கி, சூடு காட்டாமல், அப்படியே குழாயில் விட்டார். குழந்தையை எடுத்து மனைவியின் வெறும் மார்பில் ஒரு மணி நேரம் படுக்கவைத்தார். தினமும் இப்படி வைத்தால் பால் திரும்பலாம் என்றார். திரும்பும் என்று சொல்லவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்பா, சட்டையைக் கழட்டுங்க."

"நான் இன்னும் குளிக்கக்கூட இல்லைங்க. காலையில இருந்து அலைஞ்ச உடம்பு..."

"கையை மட்டும் கழுவிட்டு உக்காருங்க."

மூட்டை மூட்டையாகக் கொட்டவைத்த கைகளில் அந்த ஒன்றரைக் கிலோவை வாங்கிக்கொண்டேன். மகள் என் நெஞ்சு மயிரில் முகத்தைத் தேய்த்தாள், எதையோ தேடினாள், ஒன்றும் கிடைக்காமல் அலுத்துக் கண்ணை மூடினாள். எதுக்களித்த ஒரு துளிப் பால் கடைவாயிலிருந்து வழிந்து என் மேல் இறங்கியது. என் கை தானாகப் பஞ்சை எடுத்தது.

"துடைக்காதீங்க" என்றாள் மனைவி. பார்வை குழந்தை மேலேயே இருந்தது.

பஞ்சைக் கீழே வைத்தேன். அந்தத் துளி வெதுவெதுப்பாக ஊர்ந்து, மகளின் கன்னத்துக்கும் என் தோலுக்கும் நடுவே போய் நின்றது.