தெரிந்தவர்

'உறவு' என்று கேட்கும் கட்டத்துக்கு வந்ததும் மனிதர்கள் பேனாவை நிறுத்திவிட்டுக் கூரையைப் பார்ப்பார்கள். மருத்துவமனையின் பதிவேட்டுப் பிரிவில் இருபத்தாறு வருஷம் குப்பை கொட்டியவளுக்கு இது அத்துப்படி. பெயரும் வயதும் விலாசமும் மளமளவென்று வந்து விழும். நோயாளிக்கு நீங்கள் என்ன வேண்டும் என்றால் மட்டும் ஒரு விக்கல். பெற்ற பிள்ளை 'பக்கத்து வீடு' என்று எழுதிவிட்டுப் போனதையும், யாரோ ஒரு பெண் 'மனைவி' என்று எழுதி அடித்து, 'தங்கை' என்று எழுதி அதையும் அடித்ததையும் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்தும் பாராததுபோல் முத்திரை குத்திவிடுவாள்.

அவளுடைய அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. வீடு இன்னும் தாத்தாவின் பெயரிலேயே இருந்ததால் வாரிசுச் சான்றிதழ் தேவைப்பட்டது. பழைய பத்திரத்தில் தாத்தாவுக்கு இரண்டு மகன்கள் என்று இருக்கிறதே, இளையவர் எங்கே என்று அலுவலகத்தில் கேட்டார்கள். உயிரோடு இருந்தால் கையெழுத்து வேண்டும், இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ்.

சித்தப்பா கப்பல் வேலைக்குப் போனவர், போன இடத்திலேயே தங்கிவிட்டார் என்பதுதான் அம்மா சொல்லி அவள் கேட்டு வளர்ந்தது. அம்மாவின் தம்பி, அவளுடைய மாமா, லாரி மோதிச் செத்துப்போனார் என்பதும் அப்படித்தான். மாமாவின் படம் கூடத்தில் பீரோவுக்கு மேல் இருந்தது. சித்தப்பாவுக்குப் படம் கிடையாது. கப்பலில் போனவருக்கு எதற்குப் படம் என்று அவளும் கேட்டதில்லை.

ஏடுகளைப் புரட்டுவது அவள் பிழைப்பு. ஒருவேளை ஊர் திரும்பிச் செத்திருந்தால் என்று இறப்புப் பதிவுகளைப் பின்னாலிருந்து தேடிக்கொண்டு வந்தாள். மூன்றாவது வாரம் சித்தப்பா அகப்பட்டார். இறந்த இடம் என்ற கட்டத்தில் 'மத்திய சிறைச்சாலை' என்று இருந்தது.

அங்கிருந்து வழக்கு எண்ணைப் பிடித்துத் தீர்ப்பின் நகலை வாங்கி, நீதிமன்றப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தாள். இரண்டு இளைஞர்கள் கூட்டாக ஒரு பட்டறை வைத்திருக்கிறார்கள். ஒருவருக்கு வெல்டிங், இன்னொருவருக்குக் கடைசல். பற்றவைக்கும்போது காற்று ஆகாது என்று ஒருவர் மின்விசிறியை நிறுத்தியிருக்கிறார். கடைசல் எந்திரத்தில் வியர்த்து நின்றவர் மறுபடி போட்டிருக்கிறார். நிறுத்தியதும் போட்டதுமாக நாலு தடவை ஆனபின், வெல்டிங்காரர் கையில் இருந்த இரும்புக் குழாயால் ஒரே ஒரு அடி. 'இறந்தவர், குற்றவாளியின் அண்ணியினுடைய தம்பி ஆவார்' என்று தீர்ப்பில் இருந்த வரியை இரண்டு தடவை படித்த பிறகுதான், அந்த அண்ணி தன் அம்மா என்பது அவளுக்கு உறைத்தது.

அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தாள்.

"வாம்மா துப்பறியும் புலி. ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வான்னா, நீ சரித்திரமே எழுதுவ போலிருக்கே."

"சித்தப்பா ஜெயில்ல செத்திருக்கார். மாமாவை..."

"தெரியும்."

"தெரியுமா?"

"எனக்கு அப்ப எட்டு வயசு. உனக்கு நாலு. மாமாவைக் கொண்டுவந்து கிடத்தினப்ப அம்மா அப்பாவோட சட்டையப் பிடிச்சுக்கிட்டு, 'உன் தம்பி மூஞ்சில இனி நீ முழிக்கக் கூடாது, முழிச்சா என் மூஞ்சில முழிக்கக் கூடாது'ன்னாங்க. அப்பா சரின்னார். அவ்வளவுதான், அதோட அந்தப் பேச்சு முடிஞ்சுது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதையா நீ ஏன் தோண்டுறே? இறப்புச் சான்றிதழ் கிடைச்சாச்சுல்ல, மூடிட்டு வீட்டுக்குப் போ."

மூடிவிட்டிருக்கலாம்தான். ஆனால் சான்றிதழில் இருந்த வருஷம் அவளை விடவில்லை. அது அவள் பத்தாவது படித்த வருஷம். அந்த வருஷம்தான் அப்பாவின் இரண்டாம் சனிக்கிழமைகள் நின்றுபோயின.

அப்பா நில அளவை அலுவலகத்தில் வரைபடம் வரைபவர். அதிர்ந்து பேசாதவர். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை மட்டும் விடிந்ததும் குளித்து, தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். விளக்கு வைக்கும் நேரத்துக்குத் திரும்புவார். எங்கே போனீர்கள் என்றால், "தெரிஞ்சவர் ஒருத்தரைப் பாக்க." அதற்குமேல் ஒரு சொல் பெயராது. அம்மா கேட்டுச் சலித்து, பிறகு தானே முடிவுகட்டிவிட்டாள். "அந்த வீட்டுக்காரி சௌக்கியமா?" என்று பாத்திரத்தை நங்கென்று வைப்பாள். பிள்ளைகள் காதுபடத்தான் வைப்பாள். "எல்லாருக்கும் ஏழரை வருஷம்தான் சனி பிடிக்கும். எனக்கு மாசாமாசம் ரெண்டாம் சனி" என்று சிரிக்கவும் செய்வாள். பதின்மூன்று வயதில் அவள் ஒருமுறை பேருந்து நிறுத்தம்வரை அப்பாவைப் பின்தொடர்ந்து போயிருக்கிறாள். அப்பா திரும்பிப் பார்த்து, எதுவும் சொல்லாமல், அவளைக் கையைப் பிடித்து வீட்டு வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டு மறுபடி போனார். அன்றையிலிருந்து அவள் அப்பாவிடம் முகம்கொடுத்துப் பேசவில்லை. கடைசிவரை மருந்து கொடுத்தாள், முதுகைத் துடைத்துவிட்டாள். எல்லாம் செய்தாள், பேச்சு ஒன்றைத் தவிர.

இப்போது அந்தச் சனிக்கிழமைகள் எங்கே போயின என்று ஒரு சந்தேகம் எழுந்துவிட்டது. அது மெய்யானால், அப்பாமேல் நாற்பது வருஷமாக ஒட்டியிருந்த சேறு கழுவப்பட்டுவிடும். எண்பத்தொரு வயது அம்மாவிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அம்மாவின் காலம் முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும்.

சிறையின் பழைய பதிவேடுகள் ஒரு நீளமான அறையில் இருந்தன. கூரை ஒழுகிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி. பொறுப்பில் இருந்தவர், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு காகிதத்தை மூக்கருகே வைத்துப் படிக்கிற மனிதர். அவளும் ஏடு பார்க்கிறவள் என்று தெரிந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இங்க வர்றவங்க எல்லாரும் எங்க தாத்தா அரசியல் கைதின்னுதான் வருவாங்க மேடம். ஃபைலைத் திறந்தா சைக்கிள் திருடினவரா இருப்பார். நான் மெதுவா சொல்லுவேன், அந்தக் காலத்துல சைக்கிளே ஒரு அரசியல்தான்னு."

"எங்காளு அரசியல் இல்ல சார். கொலை."

கண்ணாடி நெற்றியிலிருந்து இறங்கியது. பிறகு அவர் வேடிக்கை எதுவும் பேசவில்லை. பார்வையாளர் பதிவேடுகளை வருஷவாரியாக எடுத்துவந்து அடுக்கினார்.

தேட வேண்டியே இருக்கவில்லை. அப்பாவின் கையெழுத்து ஆயிரம் பேர் நடுவிலும் தனியாக நிற்கும். வரைபடத்தில் ஊர்ப்பெயர் எழுதுவதுபோல் ஒவ்வோர் எழுத்தும் நேராக, அடுத்ததைத் தொடாமல். மாதத்துக்கு ஒன்று. இரண்டாம் சனிக்கிழமை. பதினோரு வருஷம். விட்டுப்போனவை நாலே நாலு. அதில் ஒன்று அண்ணனுக்கு டைபாய்டு வந்த மாதம்.

ஒவ்வொரு வரியிலும் 'உறவு' என்ற கட்டத்தில் அப்பா 'தெரிந்தவர்' என்று எழுதியிருந்தார்.

"ஏன் சார் இப்படி? கூடப்பிறந்த அண்ணன்."

"உறவுன்னு எழுதினா வீட்டு விலாசத்துக்குக் கடிதம் போகும், மேடம். கைதியைப் பரோல்ல விடணும்னா விசாரணைக்குப் போலீஸ் வீடு தேடி வரும். வீட்டுக்குத் தெரியாம வர்றவங்க தெரிஞ்சவர், நண்பர்னு எழுதிட்டுப் போவாங்க. தெரிஞ்சவருக்குப் பத்து நிமிஷம். ரத்த உறவுன்னா அரைமணி." கண்ணாடியை மறுபடி நெற்றிக்கு ஏற்றி, "அவர் பத்து நிமிஷத்துக்காகத்தான் வந்திருக்கார்" என்றார்.

கடைசிப் பதிவேட்டின் பின்னால் ஒரு மெல்லிய கோப்பு இருந்தது. வியாழக்கிழமை சித்தப்பா மார்வலியில் இறந்திருக்கிறார். தகவல் சொல்ல உறவினர் எவரும் பதிவில் இல்லை. சனிக்கிழமை வழக்கம்போல் வந்த 'தெரிந்தவர்' உடலைக் கேட்டிருக்கிறார். உறவினருக்கு மட்டுமே தரலாம் என்று மறுத்திருக்கிறார்கள். ஞாயிறன்று சிறை அடக்கநிலத்தில் புதைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை தேதியிட்டு, அதே நேரான எழுத்தில் ஒரு மனு இருந்தது.

'நான் இறந்தவரின் உடன்பிறந்த அண்ணன். இத்தனை வருஷம் தெரிந்தவர் என்று எழுதியது என் தவறு. அவனை என்னிடம் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.'

ஓரத்தில் யாரோ ஓர் அதிகாரி சிவப்பு மையில் எழுதியிருந்தார். 'மனுதாரர் பதினோரு ஆண்டுகள் தாமே எழுதியதற்கு மாறாக உள்ளது. ஆதாரம் இணைக்கப்படவில்லை. அடக்கம் முடிந்துவிட்டது. கோப்பில் வைக்கவும்.'

குடும்பக் காகிதங்கள் எல்லாம் அம்மாவின் இரும்புப் பெட்டியில் இருந்தன. சாவி அம்மாவின் இடுப்பில் இருந்தது. அப்பா எங்கே போய் ஆதாரம் எடுப்பார்?

அவள் கோப்பை மூடினாள். எத்தனையோ பேருக்கு மரணத்தைப் பதிந்து சீட்டு கிழித்துக் கொடுத்தவள், அன்று அந்த வாளியின் பக்கத்தில் நின்று வாய்விட்டு அழுதாள். மூக்குக்கண்ணாடிக்காரர் வெளியே போய் வராந்தாவில் நின்றுகொண்டார்.

பேருந்து நிலையத்திலிருந்து அண்ணனுக்குச் சொன்னாள். "அம்மாகிட்ட வாயத் திறக்காதே" என்றான்.

"அப்பா மேல இருந்த பழி போகுதுண்ணா."

"யாருக்குப் போகுது? அவர் போயாச்சு."

"அம்மா மனசுல இருந்து போகணும்ல. அந்த ஆளு துரோகின்னு நெனச்சுக்கிட்டே இருக்கணுமா?"

"எனக்கென்னமோ சரியாப் படல. உனக்கு நல்லாயிருக்கணும்னு அம்மாவை இழுக்காத."

அவள் கேட்கவில்லை.

வீட்டில் அம்மா கூடத்துக் கட்டிலில் முட்டிவலிக்குத் தலையணை வைத்துக்கொண்டு, கொடியிலிருந்து வந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக வெயில் கால்மாட்டில் விழுந்திருந்தது.

"வாடி. ஆபீஸ்காரன் இன்னிக்காவது கண்ணத் தொறந்தானா? இந்த வீட்ட எழுதி வாங்குறதுக்குள்ள நானும் ஒரு சர்டிபிகேட் ஆயிடுவேன் போலிருக்கு."

அவள் கீழே உட்கார்ந்தாள்.

"அம்மா, அப்பா எந்த வீட்டுக்கும் போகல."

"எந்த வீட்டுக்கு?"

"ரெண்டாம் சனிக்கிழமை. அப்படி ஒருத்தி கிடையவே கிடையாதும்மா. அப்பா சித்தப்பாவைப் பாக்கப் போயிருக்கார். ஜெயிலுக்கு."

அம்மாவின் கை ஒரு தலையணை உறையின் நடுவில் நின்றது. மறுபடி மடித்தது.

"கப்பல்னு சொன்னது நாந்தான்" என்றாள். "எத்தன வருஷம் போனார்?"

"பதினோரு வருஷம்."

"மாசாமாசமா?"

"மாசாமாசம்."

"அந்தச் சட்டைய நாந்தான் தேய்ச்சுக் குடுத்தேன்."

அவள் மடிக்காத துணி ஒன்றை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"அவ யாரோ, எவளோ. வீட்ல இருக்கறவ ஒழுங்காத் துவைக்கக்கூட மாட்டாள்னு நம்மளப் பேசிடக் கூடாதேன்னு, பல்லக் கடிச்சுக்கிட்டு மடிப்புக் கலையாமத் தேய்ச்சுக் குடுத்தேன். என் தம்பிய அடிச்சுக் கொன்னவன் முன்னாடி போய் உக்காரவா தேய்ச்சுக் குடுத்தேன்?"

"அம்மா, அது அவர் கூடப்பிறந்த..."

"எனக்கும் கூடப்பிறந்தவன்தான்." அம்மா பீரோவுக்கு மேலிருந்த தம்பியின் படத்தின் பக்கம் திரும்பவில்லை. "அவரோட தம்பி அப்பவே செத்துட்டானா? எப்படி?"

சொன்னாள். மனுவையும் சொன்னாள். சிவப்பு மையைச் சொல்லும்போது அம்மா குறுக்கிட்டாள்.

"அவருக்கே குடுக்கலையா?"

"குடுக்கல."

அம்மா மடித்த துணிகளை அடுக்கினாள். அடுக்கியதை எடுத்து இன்னொரு பக்கம் வைத்தாள்.

"அந்தச் சனிக்கிழமை எனக்கு ஞாபகம் இருக்குடி. வந்தவர் செருப்பக்கூடக் கழட்டாம குழாயடியில உக்காந்துட்டார். தண்ணி பாட்டுக்கு ஓடுது. எனக்கு உள்ளுக்குள்ள ஒரே சந்தோஷம். அவ கழுத்தப் பிடிச்சு வெளிய தள்ளிட்டா போலன்னு. பக்கத்துல போய், 'என்ன, அங்க கதவச் சாத்திட்டாங்களா?'ன்னு கேட்டேன். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன். 'ஆமா, சாத்திட்டாங்க'ன்னார்."

தெருவில் யாரோ வண்டியைக் கிளப்ப முயன்று, அது இருமி இருமி அடங்கியது.

"அவர் கண்ண மூடுறதுக்கு ரெண்டு நாள் முன்ன, நீ மருந்து வாங்கப் போயிருந்தப்ப, நான் அவர் கையப் பிடிச்சுக்கிட்டுச் சொன்னேன். அந்தப் பொம்பள விஷயத்தையெல்லாம் நான் மறந்துட்டேன், மன்னிச்சுட்டேன், நிம்மதியாப் போங்கன்னேன். அதச் சொல்ல எனக்கு எவ்வளவு வருஷம் ஆச்சு தெரியுமா? அவரும் கண்ண மூடிக்கிட்டு, 'சரி'ன்னார். அந்த ஒண்ண வச்சுத்தான் இந்த எட்டு மாசமும் தூங்குறேன்."

"அப்ப இன்னும் நல்லதுதானேம்மா? மன்னிக்கறதுக்கே ஒண்ணும் இல்லேன்னு..."

"ஒண்ணும் இல்லையா?" அம்மா முதல்முறையாக அவளை நேராகப் பார்த்தாள். கண்ணில் ஈரமில்லை. "அவ ஒருத்தி இருந்திருந்தா நல்லாயிருந்திருக்கும்டி. அத நான் மன்னிச்சு முடிச்சுட்டேன். இத எங்க கொண்டுபோய் மன்னிப்பேன்? மன்னிக்கணுமா, மன்னிப்புக் கேக்கணுமா, அதுகூடத் தெரியலையே. கேக்கறதுக்கு அவர் இல்லையே."

அவள் அம்மாவின் முட்டிமேல் கை வைத்தாள். அம்மா அந்தக் கையை எடுத்து, துணியை எடுத்து வைப்பதுபோல, மெதுவாகக் கட்டிலின் ஓரத்தில் வைத்தாள்.

"நீ உங்கப்பாவுக்காகத் தேடினே. சரி. பெத்தவர், தேட வேண்டியதுதான். எங்கிட்ட எதுக்குடி வந்து சொன்னே?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. சிறையிலிருந்து வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்தாள். கட்டிலின் ஓரத்தில் இருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

அம்மா சாய்ந்து, சுவர்ப் பக்கமாகத் திரும்பிப் படுத்தாள்.

"போ. போய்த் தூங்கு. காலைல வேலைக்குப் போகணும்ல."

அப்போது மணி மாலை ஐந்துதான் ஆகியிருந்தது. அவள் எழுந்து போய், தன் அறையில், விளக்கைப் போடாமல், வெயில் முழுதாக இறங்கும்வரை படுத்துக் கிடந்தாள்.